மழைக்குக் குறைவில்லாத மலையில் நீருக்குக் குறை ஏன்?

இலங்கையில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் எஹலியகொடவும் ஒன்று. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டத்தில், அவிசாவளைக்கும் இரத்தினபுரிக்கும் இடையே ஏ4 நெடுஞ்சாலையை ஒட்டி இந்த ஊர் அமைந்திருக்கிறது. ஒரு பக்கம் களனி கங்கையின் வடிநிலம், மறுபக்கம் களு கங்கையின் வடிநிலம். சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்களும் தாழ்நிலத் தேயிலையும் வயல்களும் மாணிக்கக்கல் குழிகளும் இருக்கின்றன. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்த மலைகளில் மோதி மழையைக் கொட்டுகிறது. ஒக்டோபரிலும் நவம்பரிலும் பிற்பகல் இடியோடு இடைப்பருவ மழை வருகிறது. இரத்தினபுரியின் ஆண்டுச் சராசரி மழை 3,500 மில்லிமீற்றருக்கும் மேல். இது முழு இலங்கையின் சராசரியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு, சென்னையின் சராசரியைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு.

இவ்வளவு மழை பெய்தும், தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் இதே மாகாணத்துத் தோட்டங்களில் ஊற்று நீர் விழும் பீலிகள் மெலிந்துவிடுகின்றன. மார்கழியில் கை தடிமனுக்கு விழுந்த தண்ணீர் மாசியில் விரல் தடிமனாகச் சுருங்குகிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வாழும் பெண்கள் தேயிலைக் கொழுந்து பறிக்கவோ இறப்பர்ப் பால் வெட்டவோ போகுமுன் விடியற்காலையிலேயே குடங்களை வரிசையில் வைக்க வேண்டியிருக்கிறது. இந்த முரண்பாட்டுக்குக் காரணம் என்ன என்று புரிந்துகொண்டால், உலகின் நீர்ப் பற்றாக்குறையில் பாதி புரிந்துவிடும். வானம் எவ்வளவு தருகிறது என்பது கணக்கின் முதல் வரி மட்டுமே. தந்ததை நிலம் எவ்வளவு பிடித்துவைக்கிறது, மனிதர் அதை எவ்வளவு தூய்மையாகக் காக்கிறார்கள், யாருக்கு எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பவையே மிச்சக் கணக்கு.

உலகத்து நீரின் அளவு

புவியில் உள்ள மொத்த நீர் ஏறத்தாழ 138.6 கோடி கனகிலோமீற்றர். அந்த நீர் முழுவதையும் 100 லீற்றர் பீப்பாய் ஒன்றில் அடைத்ததாக வைத்துக்கொண்டால், அதில் 97.5 லீற்றர் உப்பு நீர். எஞ்சும் இரண்டரை லீற்றரே நன்னீர். அந்த இரண்டரை லீற்றரிலும் ஏறத்தாழ 1.7 லீற்றர் அந்தாட்டிக்கா, கிறீன்லாந்து, உயர்ந்த மலைச் சிகரங்கள் ஆகியவற்றில் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. முக்கால் லீற்றர் தரைக்கீழ் நீர். உலகின் எல்லா ஆறுகளிலும் ஏரிகளிலும் இருக்கும் நன்னீரைச் சேர்த்தால் ஒன்றரைத் தேக்கரண்டி அளவுதான் வரும்.

இந்த அளவு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. கடல் நீர் வெயிலில் ஆவியாகிறது. மரங்கள் ஆவியுயிர்ப்பின் மூலம் நீராவியை வெளியிடுகின்றன. ஆவி மேலே சென்று குளிர்ந்து முகிலாகி மழையாக விழுகிறது. விழுந்த நீரில் ஒரு பகுதி உடனே ஆவியாகிறது, ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது, ஒரு பகுதி நிலத்தின் மேலாக ஓடி ஆற்றைச் சேர்கிறது. இதுவே நீர்வட்டம். நீர் தீர்ந்துபோவதில்லை என்றாலும், தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் காலத்தில், குடிக்கத்தக்க நிலையில் அது கிடைக்காமற் போவது உண்டு. நீர்ப் பற்றாக்குறை என்பது இதுதான்.

நீர் எங்கே செலவாகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆறுகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் மனிதர் எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70 சதவீதம் வேளாண்மைக்குப் போகிறது. எஞ்சியதில் பெரும்பங்கு தொழிற்சாலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும், சிறுபங்கு வீடுகளுக்கும் போகிறது. ஒரு கிலோ அரிசி விளைய ஏறத்தாழ 2,500 லீற்றர் நீர் தேவை. ஒரு கோப்பைத் தேநீருக்குப் பின்னால், தேயிலைச் செடி உறிஞ்சிய நீரையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 27 லீற்றர் நீர் இருக்கிறது. தேயிலைக்குச் செலவாகும் நீரில் பெரும்பங்கு மழையிலிருந்தே நேரடியாகக் கிடைப்பதால் அது ஆற்றை வற்றச் செய்வதில்லை. ஆனால் நெல்லுக்கும் பருத்திக்கும் கரும்புக்கும் ஆற்றைத் திருப்பும் நாடுகளில் கணக்கு வேறு.

பற்றாக்குறையின் இரு வகைகள்

ஒரு நாட்டில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 1,700 கனமீற்றருக்குக் குறைவாக நீர் இருந்தால் அந்த நாடு நீர் நெருக்கடியில் இருப்பதாகவும், 1,000 கனமீற்றருக்குக் குறைந்தால் பற்றாக்குறையில் இருப்பதாகவும் நீரியலாளர் கொள்கின்றனர். சுவீடன் நாட்டு நீரியலாளர் மாலின் ஃபால்கென்மார்க்கின் பெயரால் இந்த அளவுகோல் வழங்குகிறது. மேற்காசிய நாடுகள் பலவும் வட ஆபிரிக்க நாடுகளும் இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கின்றன. அங்கே நீரே குறைவு. இதை இயற்கைப் பற்றாக்குறை எனலாம்.

மற்ற வகைப் பற்றாக்குறையில் நீர் இருக்கும், ஆனால் வீட்டை எட்டாது. குழாய் பதிக்கப்பட்டிருக்காது, தாங்கி கட்டப்பட்டிருக்காது, அல்லது வரும் நீர் குடிக்க ஏற்றதாக இருக்காது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வெளியிட்ட கணிப்பின்படி, 2022இல் உலகில் 220 கோடி மக்களுக்குப் பாதுகாப்பாக முகாமை செய்யப்பட்ட குடிநீர் கிடைக்கவில்லை. அவர்களில் மிகப் பலர் வறண்ட பாலைவனத்தில் வாழ்பவர்கள் அல்லர். மழை பெய்யும் நாடுகளில், முதலீடு எட்டாத ஊர்களில் வாழ்பவர்கள். சப்ரகமுவத் தோட்டங்களின் நிலையும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

மலை நீரைப் பிடித்துவைக்கும் விதம்

மழை ஓய்ந்து பல வாரங்கள் கழிந்த பின்னும் மலை ஊற்று சுரந்துகொண்டிருப்பது மண்ணுக்குள் தேங்கிய பழைய மழையால்தான். காட்டில் மழைத்துளி நேரே நிலத்தில் அடிப்பதில்லை. மேல்மட்ட மரங்களின் இலை, அடுத்த அடுக்கு, புதர், கடைசியாகத் தரையில் கிடக்கும் சருகு என்று பல படிகளில் அதன் வேகம் தணிகிறது. வேர்களும் மண்புழுக்களும் துளைத்து வைத்த இடைவெளிகள் வழியாக நீர் மெல்ல உள்ளே இறங்குகிறது. இறங்கிய நீர் சிதைந்த பாறைப் படையில் தேங்கி, சரிவின் அடியில் எங்கோ ஓரிடத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. சிவனொளிபாத மலைச் சாரலும் சிங்கராஜ வனமும் சப்ரகமுவ ஆறுகளுக்கு இந்தப் பணியையே செய்கின்றன. 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ, அரிய உயிரினங்களின் இருப்பிடம் மட்டுமல்ல. தென்மேற்கு இலங்கையின் நீரேந்து பகுதியும் அதுவே.

மரமும் சருகும் நீங்கிய வெற்று மண்ணில் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. மழைத்துளியின் அடியால் மேல்மண் கலங்கி, அதன் நுண்துளைகள் அடைபட்டு, நீர் உள்ளே இறங்க வழியின்றிப் போகிறது. பெய்த மழையில் பெரும்பங்கு மண்ணையும் அள்ளிக்கொண்டு சில மணி நேரத்தில் ஆற்றுக்கு ஓடிவிடுகிறது. அதனால்தான் ஒரே மலையில் மழைக்காலத்தில் வெள்ளமும் வெயிற்காலத்தில் பஞ்சமும் சேர்ந்து வருகின்றன. அவை இரண்டும் ஒரே குறையின் இரு விளைவுகள்.

தோட்டத்தில் பல காலமாகச் செய்யப்படும் சில வேலைகளுக்கு இந்தக் கோணத்தில் பெரும் மதிப்பு உண்டு. சரிவுக்குக் குறுக்கே வெட்டும் கான்கள் ஓடும் நீரின் வேகத்தை அடக்குகின்றன. கானுக்குள் இடையிடையே குழியும் சிறு தடுப்பும் விட்டால், நீர் அங்கே நின்று மண்ணுக்குள் இறங்குகிறது. அடித்து வந்த வண்டலும் குழியில் தங்குகிறது. கவ்வாத்து வெட்டிய கிளைகளை எரிக்காமல் செடிகளுக்கிடையே பரப்பினால் மண் மூடப்படுகிறது. இளம் இறப்பர் மரங்களுக்கிடையே படர்கொடிப் பயறுகளை வளர்ப்பதும், சமவுயர வரிசையில் வெட்டிவேர் நடுவதும் இதற்காகவே. கான் தூர்ந்துபோக விட்ட தோட்டத்தில் முதலில் குறைவது விளைச்சல், அடுத்துக் குறைவது பீலி நீர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மண்ணுக்குள் நீர் இறங்குவது நல்லது என்பதற்காகச் செங்குத்தான சரிவுகளில் மனம் போனபடி குழி வெட்டக் கூடாது. நீரால் கனத்த மண் தன் பிடிப்பை இழந்தால் மண்சரிவு ஏற்படும். கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் 2016 மே 17ஆம் திகதி சாமசர மலை சரிந்து குடியிருப்புகளை மூடியது. அதே மழையில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு உயிர்களைப் பறித்தது. எந்தச் சரிவில் நீரைத் தேக்கலாம், எதில் அதை வடித்து வெளியேற்ற வேண்டும் என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஓர் ஊற்றின் கணக்கு

தோட்டக் குடிநீரின் மூலம் பெரும்பாலும் மலை ஊற்றோ சிற்றோடையோதான். அது ஒரு குடியிருப்புக்குப் போதுமா என்பதை அறிய ஒரு வாளியும் ஒரு கடிகாரமும் போதும். 20 லீற்றர் வாளியைப் பீலியின் கீழ் பிடித்து, அது நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். இந்த அளவீட்டை மழைக்காலத்தில் எடுத்தால் பயனில்லை. பெப்ரவரி, மார்ச் மாதங்களில், ஊற்று மிக மெலிந்திருக்கும் நாளில் எடுக்க வேண்டும். திட்டம் அந்த நாளுக்குத் தாங்கினால் மற்ற நாள்களுக்குத் தானே தாங்கும்.

எடுத்துக்காட்டாக, வாளி நிரம்ப 80 வினாடி ஆகிறது என்று கொள்வோம். வினாடிக்குக் கால் லீற்றர். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஆகவே ஊற்று நாளொன்றுக்கு 21,600 லீற்றர் தருகிறது. லயத்தில் 50 குடும்பங்கள், குடும்பத்துக்கு 4 பேர், ஆக 200 பேர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, மலசலகூடத்துக்கு என ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லீற்றர் என்றால் தேவை 20,000 லீற்றர். ஊற்று நீர் போதும்.

ஆனால் ஊற்று இரவிலும் சுரக்கிறது; மக்கள் பகலில்தான் நீர் எடுக்கிறார்கள். தாங்கி இல்லாவிட்டால் இரவு முழுவதும் சுரக்கும் 10,800 லீற்றர் ஓடையோடு போய்விடும். பகலில் கிடைப்பது ஆளுக்கு 54 லீற்றர். அதுவும் எல்லோரும் கூடும் காலை இரண்டு மணி நேரத்தில் ஆளுக்கு 9 லீற்றர் மட்டுமே. வரிசையும் சண்டையும் பிறப்பது இங்கேதான். 15,000 லீற்றர் கொள்ளும் ஒரு சீமெந்துத் தாங்கி கட்டினால் அதே ஊற்று, அதே மக்கள், ஆனால் வரிசை இல்லை. மலையில் சுரக்கும் நீரின் அளவு மாறவில்லை. அதை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு மாறியிருக்கிறது.

ஊற்றிலிருந்து தாங்கிக்கும் தாங்கியிலிருந்து வீட்டுக்கும் நீரைக் கொண்டுவர மலைநாட்டில் மின்சாரம் தேவையில்லை. உயர வேறுபாட்டின் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கிடைக்கிறது. லயத்துக்கு மேலே 30 மீற்றர் உயரத்தில் தாங்கி இருந்தால், குழாயில் நல்ல வேகத்தோடு நீர் வரும். உயரம் மிகுந்தால் அழுத்தம் தாங்காமல் குழாய் வெடிக்கும். அப்போது இடையில் அழுத்தம் குறைக்கும் சிறு தொட்டி ஒன்று அமைக்க வேண்டும்.

ஊற்றுக் கண்ணை மூடிக் காப்பதும் முக்கியம். கண்ணைச் சுற்றிச் சரளைக் கல் பரப்பி, சீமெந்துப் பெட்டி கட்டி, மூடி போட்டு, மேற்பக்கம் மழைநீர் விலகி ஓடக் கான் வெட்டி, கால்நடை நுழையாதபடி வேலி அடைக்க வேண்டும். ஊற்றுக்கு மேற்பட்ட சரிவில் மலசலகூடக் குழி, மாட்டுத் தொழுவம், உர மூட்டை எதுவும் இருக்கக் கூடாது. நீர் எந்தச் சரிவில் இறங்குகிறதோ அந்தச் சரிவிலுள்ள அழுக்கும் அதனோடு இறங்கும்.

கூரையில் விழும் மழை

ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர். இந்தச் சிறு சூத்திரம் தெரிந்தால் யாரும் தங்கள் கூரையின் வருமானத்தைக் கணக்கிடலாம். 50 சதுர மீற்றர் தகரக் கூரையில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றர் மழை விழுந்தால் மொத்தம் 1,75,000 லீற்றர். தெறிப்பு, ஆவியாதல், கசிவு என்று ஐந்தில் ஒரு பங்கு கழிந்தாலும் 1,40,000 லீற்றர் கையில் நிற்கும். ஆண்டு முழுவதும் பிரித்தால் நாளொன்றுக்கு 380 லீற்றருக்கு மேல். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆளுக்கு 95 லீற்றர்.

இந்த மழை முழுவதையும் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துவைக்கும் தாங்கி எந்த வீட்டிலும் அடங்காது. அப்படி ஒன்று தேவையுமில்லை. இந்த மலைகள் அடங்கிய ஈரவலயத்தில் மழை இல்லாத இடைவெளி குறுகியது. 5,000 லீற்றர் தாங்கி நிரம்பியிருந்தால், குடும்பம் நாளொன்றுக்கு 200 லீற்றர் செலவழித்தாலும் 25 நாள்கள் தாங்கும். அதற்குள் ஒரு மழை பெரும்பாலும் வந்துவிடும். உலர் வலயத்தில் மழையில்லாக் காலம் மாதக் கணக்கில் நீள்வதால் அங்கே தாங்கி பெரியதாக இருக்க வேண்டும், செலவும் சிக்கனமாக இருக்க வேண்டும்.

முதல் மழையில் கூரையிலுள்ள தூசும் பறவை எச்சமும் கழுவப்பட்டு வரும். அந்த நீரைத் தாங்கிக்குள் விடாமல் வெளியேற்றப் பக்கக் குழாய் ஒன்று வேண்டும். தாங்கியின் வாயை நுளம்பு வலையால் மூடாவிட்டால் டெங்கு நுளம்பு பெருகும். குடிப்பதற்கு முன் நீரைக் கொதிக்க வைக்க வேண்டும். இலங்கையில் லங்கா மழைநீர் சேகரிப்பு மன்றம் 1996இலிருந்து இந்த முறையைப் பரப்பி வருகிறது. 2005இல் தேசிய மழைநீர்க் கொள்கையும் வகுக்கப்பட்டது.

அசுத்த நீரும் இல்லாத நீரே

குடிக்க முடியாத நீரை நீர்க் கணக்கில் சேர்க்க முடியாது. மலக்கழிவு கலந்த நீரால் வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி ஆகியவை பரவுகின்றன. தெளிவாகத் தெரியும் ஊற்று நீரிலும் நோய்க் கிருமி இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைப்பதும் குளோரின் இடுவதும் இதற்கான எளிய காப்புகள்.

சப்ரகமுவவுக்கே உரிய ஒரு சிக்கல் மாணிக்கக்கல் அகழ்வு. மண்ணுக்கடியில் 'இல்லம்' எனப்படும் சரளைப் படையில் கற்கள் கிடைக்கின்றன. அந்தப் படையை எட்டக் குழி வெட்டி, ஊறிவரும் நீரை இரவு பகலாக இறைக்கிறார்கள். அதனால் அயலிலுள்ள கிணறுகளின் மட்டம் இறங்கக்கூடும். இல்லத்தைக் கூடைகளில் இட்டுக் கழுவும் சேற்று நீர் ஆற்றில் சேர்ந்தால் கீழே குடிநீர் எடுப்பவர்களுக்குச் சுத்திகரிப்புச் செலவு ஏறுகிறது. கைவிடப்பட்ட குழிகளில் நீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது. இந்தத் தொழிலால் பல குடும்பங்கள் வாழ்கின்றன என்பதால், தொழிலும் நீரும் ஒருசேரக் காக்கப்படும் விதத்தில் சட்டம் அமைந்திருக்கிறது. அகழ்வுக்குத் தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வேலை முடிந்ததும் குழியை மூடுவதற்குப் பிணைப்பணம் கட்ட வேண்டும். சட்டம் எங்கே பின்பற்றப்படுகிறதோ அங்கே ஆறு தெளிவாக ஓடுகிறது.

இலங்கையின் வேறு பகுதிகளில் அசுத்தம் வேறு வடிவம் எடுக்கிறது. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. குடிநீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் சந்தேகிக்கப்படும் காரணங்களுள் அடங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல் படையில் தேங்கும் தரைக்கீழ் நீரே வாழ்வாதாரம். அளவுக்கு மீறி இறைத்தால் கடல் நீர் உள்ளே புகும், உரம் மிகுந்தால் நைத்திரேற்று கலக்கும். அங்கே நன்னீர்த் தேவைக்காகத் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. இரத்தினபுரியில் வானம் இலவசமாகத் தருவதை அங்கே மின்சாரம் செலவழித்துப் பெற வேண்டியிருக்கிறது.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே ஆறு

களு கங்கை சிவனொளிபாத மலைப் பகுதியில் தோன்றி, இரத்தினபுரியைக் கடந்து, 129 கிலோமீற்றர் ஓடிக் களுத்துறையில் கடலைச் சேர்கிறது. மகாவலியின் நீளம் 335 கிலோமீற்றர். ஆனாலும் ஆண்டுதோறும் கடலில் மிக அதிகமாக நீரைக் கொண்டு சேர்க்கும் இலங்கை ஆறு களு கங்கைதான்: ஏறத்தாழ 400 கோடி கனமீற்றர். அதன் மேற்பகுதி செங்குத்தானது, இரத்தினபுரிக்குக் கீழே தட்டையானது. மலையிலிருந்து வேகமாக வரும் நீர் தட்டை நிலத்தில் வடிய நேரமின்றிப் பரவுகிறது. இரத்தினபுரி நகரம் அடிக்கடி மூழ்குவதற்கு இதுவே காரணம். 2003 மே மாத வெள்ளமும் மண்சரிவும் இந்த மாவட்டத்தில் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தின.

2017ஆம் ஆண்டு இன்னும் தெளிவான பாடம். முந்தைய ஆண்டின் பிற்பகுதியில் மழை பொய்த்ததால், அந்த ஆண்டின் தொடக்கத்தில் இலங்கை நாற்பது ஆண்டுகளில் காணாத கடும் வரட்சியில் சிக்கியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். களனி கங்கையின் நீர்மட்டம் இறங்கியதால் கடல் நீர் ஆற்றுக்குள் ஏறிவந்து கொழும்பின் குடிநீரையே அச்சுறுத்தியது. சில மாதங்கள் கழித்து, மே மாத இறுதியில், இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. புவி வெப்பமடையும்போது இத்தகைய ஏற்ற இறக்கம் கூடுகிறது. வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் வளி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கிறது, ஓயும்போது இடைவெளி நீள்கிறது.

மலையில் மரம் வெட்டினால் களுத்துறையில் உப்பு ஏறும்; மலையில் மண் அரித்தால் இரத்தினபுரியில் ஆற்றுப்படுகை மேடாகும். இதனால்தான் நீர் முகாமை நிர்வாக எல்லைகளின்படி அன்றி, ஆற்று வடிநிலத்தின்படி அமைய வேண்டும் என்று நீரியலாளர் வலியுறுத்துகின்றனர். இலங்கையில் இத்தகைய வடிநிலங்கள் 103 உள்ளன.

உலர் வலயத்துக் குளங்கள்

ஆண்டுக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் உலர் வலயத்தில்தான் இலங்கையின் நீர்ப் பொறியியல் வளர்ந்தது. மழை முழுவதும் சில மாதங்களில் பெய்து முடிவதால், தேக்காமல் அங்கே வாழ முடியாது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய கலாவெவவிலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுசெல்லும் ஜயகங்கைக் கால்வாய் ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமானது. அதன் முதல் 27 கிலோமீற்றரில் சரிவு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 சென்டிமீற்றர் மட்டுமே. நவீன கருவி எதுவுமில்லாத காலத்தில் இவ்வளவு நுண்ணிய சரிவை நிலத்தில் வெட்டியது வியப்புக்குரிய சாதனை. குளத்தின் அழுத்தத்தால் அணை உடையாதபடி நீரை அடக்கி வெளியேற்றும் 'பிசோகொட்டுவ' என்னும் மதகுக் கிணறும் இந்த மரபின் கண்டுபிடிப்பு.

பெரிய குளங்களைவிடப் பாடம் மிகுந்தவை சிறு குளங்களின் தொடர்கள். ஒரு பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாகக் குளங்கள் அமைந்திருக்கும். மேற்குளத்து வயலில் பாய்ந்து வடியும் நீர் அடுத்த குளத்தில் சேரும், அங்கிருந்து அடுத்த வயலுக்குப் போகும். ஒரே மழை பல முறை பயன்படுகிறது. மேற்குளத்துக்கு மேலே காடு விடப்பட்டது. வண்டலைத் தடுக்கச் சிறு குட்டைகள் வெட்டப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் மகாவலி அபிவிருத்தித் திட்டம் இதே எண்ணத்தைப் பெரிய அளவில் செய்தது. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையும் கொத்மலை, ரந்தெனிகல அணைகளும் 1980களில் எழுந்தன. ஈரவலயத்து நீர் உலர் வலயத்து வயல்களுக்குப் போனது. வழியில் மின்சாரமும் கிடைத்தது. அதற்காக ஊர்களும் நிலங்களும் மூழ்கியதையும் மக்கள் இடம்பெயர்ந்ததையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

மற்ற நாடுகளின் பாடம்

2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019 கோடையில் நீரின்றித் தவித்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போயின. அந்த ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்தது. ஒரு வண்டியில் 25 இலட்சம் லீற்றர். நகரம் வளரும்போது ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் மூடிக் கட்டடம் கட்டியது இரண்டு துன்பங்களுக்கும் பொதுவான காரணம். 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நல்ல முயற்சி. அமைத்த குழிகளைப் பராமரித்த இடங்களில் அது நிலத்தடி நீரை உயர்த்தியது.

தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் 2018 பெப்ரவரி முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று வரம்பு விதிக்கப்பட்டது. குழாய்களை அடைக்கும் நாள் நெருங்குகிறது என்று அறிவிக்கப்பட்ட பின் மக்கள் செலவைக் கடுமையாகக் குறைத்தார்கள், மழையும் வந்தது, அந்த நாள் வரவில்லை. சிங்கப்பூரில் பெரிய ஆறோ பெரிய நிலத்தடி நீர்ப்படையோ இல்லை. 2003 முதல் அது கழிவு நீரை நுண்வடிகட்டிகளால் சுத்திகரித்து 'நியூவாட்டர்' என்ற பெயரில் மீண்டும் பயன்படுத்துகிறது. மத்திய ஆசியாவின் ஏரல் கடல் இதற்கு எதிர்மாறான எடுத்துக்காட்டு. 1960களிலிருந்து பருத்திக்காக அமு தரியா, சிர் தரியா ஆறுகள் திருப்பப்பட்டதால், உலகின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்றாயிருந்த அது பெரும்பகுதி வற்றி உப்பு மணலாகியது.

பங்கீடும் உரிமையும்

நீரைப் பிடிக்கவும் தேக்கவும் வழி தெரிந்த பின் எழும் கேள்வி, அதை யார் செய்வது, யாருக்குக் கிடைப்பது என்பது. 2010 ஜூலை 28ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, பாதுகாப்பான குடிநீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று அறிவித்தது. 2030க்குள் அனைவருக்கும் நீர் என்பது நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஆறாவது.

இலங்கையில் நகரங்களுக்கும் பெரிய ஊர்களுக்கும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை குழாய் நீர் வழங்குகிறது. கிராமங்களில் மக்களே அமைத்த நீர்ச் சங்கங்கள் ஊற்றையும் தாங்கியையும் பராமரிக்கின்றன. அவற்றுக்குத் துணை நிற்கத் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம் 2014இல் உருவாக்கப்பட்டது. தோட்டங்கள் நீண்ட காலம் இந்த இரு ஏற்பாடுகளுக்கும் வெளியே நின்றன. பிரித்தானியர் காலத்தில் லயம் கட்டியதும் பீலி அமைத்ததும் தோட்ட நிர்வாகமே. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்ற பின்னும் குடிநீர் நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் விதிகளும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தன. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இன்று லயத்துக்குக் குழாய் வேண்டும் என்று பிரதேச சபையிடம் கேட்பது சட்டப்படி சரியான கோரிக்கை. பல தலைமுறையாக உழைத்து நாட்டுக்கு ஏற்றுமதி வருமானம் ஈட்டித் தந்த மக்களுக்கு இந்த வாசல் இவ்வளவு தாமதமாகத் திறந்தது வருத்தத்துக்குரியது. திறந்த வாசலைப் பயன்படுத்துவது அவசியமானது.

நல்ல நீர்ச் சங்கம் ஒன்று செய்யும் வேலைகள் எளியவை. வெயிற்காலத்தில் ஊற்றை அளக்கிறது. வீட்டுக்கு வீடு மானி பொருத்திச் செலவுக்கேற்பக் கட்டணம் வாங்குகிறது. அந்தப் பணத்தில் பராமரிப்பாளர் ஒருவரை வைத்துக் குழாயையும் தாங்கியையும் பழுது பார்க்கிறது. வினாடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லீற்றரை வீணாக்கும் என்பதால் கசிவை அன்றே அடைக்கிறது. நீர் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பி முடிவை எல்லோருக்கும் அறிவிக்கிறது. குடம் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதால் சங்கத்தின் குழுவிலும் பெண்களுக்குப் போதிய இடம் தருகிறது. தோட்ட நிர்வாகத்தோடும் மாணிக்கக்கல் அகழ்வோரோடும் பேசி, ஊற்றுக்கு மேற்பட்ட சரிவு தொடப்படாமல் பார்த்துக்கொள்கிறது.

பாடசாலையும் இதில் பங்கெடுக்கலாம். வாய் குறுகாத, நேரான சுவருள்ள ஒரு கண்ணாடிப் போத்தலும் ஓர் அளவுகோலும் இருந்தால் மழைமானி தயார். நாள்தோறும் காலையில் மழையின் அளவையும், வாரம் ஒரு முறை அருகிலுள்ள பீலி 20 லீற்றர் வாளியை நிரப்பும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வந்தால், ஓராண்டில் அந்த மலையின் நீர்க் கணக்கு கிடைத்துவிடும். மழை ஓய்ந்து எத்தனை வாரத்தில் ஊற்று மெலிகிறது, எந்த மாதத்தில் தாங்கி போதாமற் போகிறது என்பதை அந்தக் கொப்பி சொல்லும். பிரதேச சபையிடமோ நீர் வழங்கல் சபையிடமோ கோரிக்கை வைக்கும்போது அந்த எண்கள் வலுவான சான்றாக நிற்கும்.